குட்டி கடிக்கிறது, பயப்படுகிறது, தொட விடமாட்டேன் என்கிறது: எதற்கு என்ன செய்வது

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவுக்கு நாய்க்குட்டிகள் பெரும்பாலும் மாங்காய் சீசன் முடியும்போதுதான் வரும். தோப்புக் காவல் கொட்டாய் காலியாகும், அங்கே சுற்றிக்கொண்டிருந்த பெட்டை நாய் போட்ட குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கோணிப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ தூக்கி வந்துவிடுவார்கள். முதல் வாரம் ஒரே கொஞ்சல். இரண்டாவது வாரம் "ஏங்க்கா, இது என்ன இந்தக் கடி கடிக்குது, பிள்ளைங்க கால் பூரா கீறல்" என்று வந்து நிற்பார்கள். மூன்றாவது வாரம் குட்டி வேப்பமரத்தடியில் கயிற்றில் கிடக்கும், அதற்கப்புறம் அதன் வாழ்க்கையே அந்தக் கயிற்றின் நீளம்தான். அந்த மூன்றாவது வாரம் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் குட்டிக்கு என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. குட்டிக்கு நம் கை என்றால் என்ன? தின்னக் கொடுக்கிற கையா, அடிக்கிற கையா, வாயில் இருப்பதைப் பிடுங்குகிற கையா? கடி, பயம், தொட விடாமை மூன்றும் முக்கால்வாசி நேரம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. எங்கள் வீட்டு முதல் நாயைச் செருப்பால் தட்டித்தான் வளர்த்தோம், நானும் தட்டியிருக்கிறேன். அது உறுமுவதை நிறுத்தியது, கடிப்பதை நிறுத்தவில்லை. முன்பெல்லாம் உறுமிவிட்டுக் கடித்தது, பிறகு உறுமாமலே கடித்தது. இப்போது இருக்கும் செவலை மேல் ஒரு அடி விழுந்ததில்லை. கீழே சொல்வதில் பாதி அவளிடமிருந்து தெரிந்துகொண்டது.

முதலில் வயதைப் பாருங்கள்

"ரெண்டு மாசக் குட்டி" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாயைத் திறந்து பாருங்கள். பால் பல் மூன்று நான்கு வாரத்தில் முளைக்க ஆரம்பிக்கும், மொத்தம் 28. ஊசி மாதிரி இருக்கும் அந்தப் பற்கள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை என்றால் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகவில்லை. நான்காம் மாத வாக்கில் பால் பல் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் ஈறு நமநமவென்று இருக்கும், கதவு நிலை, துடைப்பம், கட்டில் கால் எதையும் விடாது.

வயதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப் பிறந்த குட்டிகளிடமும் தாயிடமும்தான் முதலில் தெரிந்துகொள்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்றக் குட்டி வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், தாய் எழுந்து நகர்ந்துவிடும். முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பாடம் பாதிகூட நடந்திருக்காது. எட்டு வாரம் வரை தாயோடு விட வேண்டும். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. ஏற்கெனவே சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்களா, சரி, மனசை விட வேண்டாம். தாய் சொல்லிக் கொடுக்க வேண்டியதை நீங்கள் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள், இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

கை, கால், புடவைத் தலைப்பு, எதையும் விடாமல் கடிக்கிறது

இது கோபக் கடி இல்லை, விளையாட்டு. உடம்பு தளர்வாக இருக்கும், வால் ஆடும், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உடம்பு விறைத்து, பார்வை ஓரிடத்தில் குத்தி நின்று, உதடு மேலே ஏறினால் அது வேறு கதை, அதைப் பின்னால் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது மிகச் சின்ன விஷயம், ஆனால் வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும். பல் தோலில் பட்டதா, அந்த நொடியே விளையாட்டு நின்றுவிட வேண்டும். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் ஓடுகிற எலி மாதிரி இருக்கும், இன்னும் துரத்திக் கடிக்கும். கையை அப்படியே மரக்கட்டை மாதிரி வைத்து, பேசாமல் எழுந்து, முகத்தைத் திருப்பி ஒரு இருபது நொடி நில்லுங்கள். காலைக் கடிக்கிறது என்றால் அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தி, இருபது எண்ணிவிட்டு வாருங்கள். வந்ததும் கோபத்தைக் காட்ட வேண்டாம். கடிக்கக் கூடிய ஒன்றை வாயில் கொடுத்து விளையாட்டைத் தொடருங்கள். சில பேர் "ஆ" என்று கத்தச் சொல்வார்கள், சில குட்டிக்கு அது கேட்கும், சில குட்டிக்கு அந்தச் சத்தமே உற்சாகம். செவலை இரண்டாவது ரகம். இரண்டு தடவை கத்திப் பாருங்கள், இன்னும் பாய்ந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கடிக்கக் கொடுக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய பருத்தித் துண்டை மூன்றாகக் கிழித்துச் சடை பின்னி, நுனியில் முடிச்சுப் போட்டு, நனைத்துப் பிழிந்து ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பல் முளைக்கும் மாதங்களில் அந்தக் குளிர்ச்சிக்காகவே அதைத் தேடி வரும். நூல் நூலாகப் பிரிந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். கேரட்டும் கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அது சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். பழைய செருப்பையும் கொடுக்காதீர்கள். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

செய்யக் கூடாதது: வாயை இறுக்கிப் பிடிப்பது, மூக்கில் சுண்டுவது, மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிப்பது. இதெல்லாம் கை என்றால் சண்டை என்று சொல்லிக் கொடுக்கும். அதேபோல, வீட்டில் ஒருவர் "குட்டிதானே" என்று கையைக் கடிக்க விட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தால் மற்ற ஐந்து பேர் செய்வதும் வீண். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் மாமனார்தான். அவரிடம் ஒரு பந்தைக் கொடுத்து, இது கையில் இருந்தால்தான் குட்டியோடு விளையாடணும் மாமா என்றேன். கேட்டுக்கொண்டார், பத்து நாளில் மாற்றம் தெரிந்தது. முதல் இரண்டு மூன்று நாள் கடி கூடுகிற மாதிரிகூட இருக்கும், அதுவரை பலித்தது இப்போது ஏன் பலிக்கவில்லை என்று கொஞ்சம் ஓங்கிப் பார்க்கும். அங்கேதான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள்.

பகலெல்லாம் சாது, விளக்கு வைக்கிற நேரத்தில் பேய் பிடித்த மாதிரி ஓடி ஓடிக் கடிக்கிறது

தூக்கம் போதவில்லை. இவ்வளவுதான் விஷயம், ஆனால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். சின்னக் குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டிலிருந்து இருபது மணி நேரம் தூங்க வேண்டும். நம் வீடுகளில் ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும், வருகிறவர் எல்லாம் தூங்குகிற குட்டியைத் தட்டி எழுப்பித் தூக்குவார்கள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு, தூக்கத்துக்கு அழுகிற கைக்குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது. குழந்தை அழும், குட்டி கடிக்கும்.

ஒரு மணி நேரம் முழித்திருந்தால் இரண்டு மணி நேரம் தூக்கம், இதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். நான் செவலைக்குக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டு, மூன்று பக்கமும் பழைய வேட்டியைத் தொங்கவிட்டு ஒரு பொந்து மாதிரி செய்து கொடுத்தேன். அதற்குள் போய்விட்டால் யாரும் தொடக் கூடாது, கூப்பிடவும் கூடாது. சாயங்காலம் ஆறரைக்கு அவளை அங்கே கூட்டிப்போய் நக்கித் தின்ன ஏதாவது வைப்பேன், ஒரு கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தயிரைத் தடவி வைத்தாலே போதும். நக்குவதும் மெல்லுவதும் குட்டியை அமைதிப்படுத்தும். பத்து நிமிஷத்தில் தலையைக் காலில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். அந்த நேரத்தில் போய் "உட்கார், கை கொடு" என்று பழக்காதீர்கள், ஒன்றும் ஏறாது.

பிள்ளைகளை மட்டும் துரத்திக் கடிக்கிறது

பிள்ளைகள் ஓடுகிறார்கள், கீச்சென்று கத்துகிறார்கள், கையை உயரத் தூக்குகிறார்கள். குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: குட்டி பாய்ந்தால் மரம் மாதிரி நிற்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டு. மரத்தோடு யாரும் ரொம்ப நேரம் விளையாட மாட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையையும் குட்டியையும் பெரியவர்கள் இல்லாமல் ஓர் அறையில் விடவே கூடாது, அது எவ்வளவு நல்ல குட்டியாக இருந்தாலும் சரி.

தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது, வாயில் எடுத்ததை விடமாட்டேன் என்கிறது

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி களியோ சோறோ தின்னும்போது தட்டில் கையை விட்டுக் கிளறுவார்கள், தட்டை இழுப்பார்கள், திரும்ப வைப்பார்கள். "இப்பவே பழக்கணும், இல்லைன்னா பெரிசானதும் கடிக்கும்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், விளைவு நேர்மாறு. நீங்கள் தின்னும்போது தினமும் ஒருவர் வந்து உங்கள் இலையில் கையை விட்டால் இரண்டாம் நாள் இலையை மறைத்துக்கொண்டுதான் தின்பீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். குட்டி தின்கிறது, நீங்கள் நான்கைந்து அடி தள்ளி நடந்து போகிறீர்கள், போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட நல்ல ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுகிறீர்கள். வேகவைத்த கோழித் துண்டு, ஈரல், அவித்த முட்டையில் ஒரு விள்ளல், எதுவானாலும் நகக்கண் அளவு போதும். ஒரு வேளைக்கு மூன்று நான்கு தடவை. சில நாளில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலாட்டும். அதற்கப்புறம்தான் ஓரடி கிட்டே. உடம்பு விறைத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், பழைய தூரத்துக்கே போங்கள்.

வாயில் எடுத்த பொருளுக்கும் இதே பண்டமாற்றுதான். துரத்திப் பிடுங்காதீர்கள். ஒரு துண்டுக் கோழியை மூக்குக்கு நேராகக் காட்டுங்கள், வாய் திறந்து பொருள் விழும்போது "விடு" என்று சொல்லிக் கோழியைக் கொடுங்கள். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் போய்விடாது, திரும்ப வரும் என்று அதற்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் அது எலி மருந்துப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வரலாம், அன்றைக்கு இந்த ஒரு வார்த்தைதான் அதன் உயிரைக் காப்பாற்றும்.

உறுமலைத் திட்டாதீர்கள் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். உறுமல் என்பது "எனக்குப் பிடிக்கலை, கொஞ்சம் தள்ளிப் போ" என்று குட்டி மரியாதையாகச் சொல்வது. அதற்கு முன்பே அது வேறு விதமாகவும் சொல்லியிருக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும், அசையாமல் உறைந்து நிற்கும். இதையெல்லாம் கவனிக்கப் பழகிவிட்டால் உறுமல் வரைக்கும்கூட விஷயம் போகாது.

சத்தம் கேட்டாலே நடுங்குகிறது

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. பர்கூர் பக்கம் போனால் கல் குவாரியில் வெடி வைப்பார்கள், நெடுஞ்சாலை ஓரம் என்றால் ராத்திரி முழுக்க லாரி ஏர் ஹாரன், தை பிறந்தால் ஊர் ஊராக எருது விடும் விழா, சிவராத்திரி முடிந்தால் எங்கள் ஊர் மயானக் கொள்ளைக்குப் பம்பை, அப்புறம் தீபாவளி. இங்கே வளர்கிற குட்டி சத்தத்தோடு பழகாமல் வாழவே முடியாது.

இப்போதே நடுங்குகிற குட்டி என்றால் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "பயப்படும்போது தடவிக் கொடுத்தா பயம் அதிகமாகும்" என்று சொல்வார்கள். ஆகாது. பயம் என்பது ஒரு உணர்ச்சி, நாம் கூலி கொடுத்து வளர்க்கிற வேலை இல்லை. உங்களிடம் ஓடி வந்தால் மடியில் இடம் கொடுங்கள். ஒளிந்துகொள்ள நினைத்தால் ஒளியட்டும், இழுத்து வெளியே போடாதீர்கள்.

பழக்குவதற்கு உங்கள் செல்போனே போதும். பட்டாசு, இடி, பம்பைச் சத்தத்தை எடுத்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெதுவாகப் போடுங்கள். சத்தம் வந்த பிறகு ஈரல் துண்டு வர வேண்டும், இந்த வரிசை முக்கியம். ஈரலை முதலில் காட்டிவிட்டுப் பிறகு சத்தம் போட்டால், ஈரலைக் கண்டாலே அடுத்து ஏதோ வரப் போகிறது என்று அது பயப்பட ஆரம்பித்துவிடும். சத்தம் நின்றால் தீனியும் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம், குட்டி சத்தத்தைக் கேட்டதும் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். தின்பதை நிறுத்திவிட்டதா, சத்தம் அதிகம், குறையுங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்கினால்தான் பலன் இருக்கும்.

தீபாவளி அன்றைக்கே என்றால் பழக்கமெல்லாம் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் மூத்திரம் போக வைத்துவிட்டு, உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, யாராவது கூடவே இருங்கள். கட்டிப் போடாதீர்கள், பயத்தில் இழுத்துக் கழுத்து நெரிபடும். ரொம்ப மோசமாக நடுங்குகிற நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை இருக்கிறது, ஒரு வாரம் முன்னாலேயே போய்க் கேளுங்கள். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

ஆளைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறது

மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மனசு உலகத்துக்குத் திறந்திருக்கும் காலம். அப்போது பார்த்ததெல்லாம் பழக்கம், பார்க்காததெல்லாம் சந்தேகம். அமெரிக்காவில் 1961-ல் வெளியான ஒரு ஆய்வில், குட்டிகளை உயரமான வேலி போட்ட வயலில் மனித முகம் காட்டாமல் வளர்த்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு வயதில் ஒரே ஒரு வாரம் ஆட்களோடு பழக விட்டார்கள். ஐந்து, ஏழு வாரத்தில் பழகிய குட்டிகள் நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை ஆளையே பார்க்காதவற்றைப் பிறகு பழக்குவது பெரும்பாடாகிவிட்டது. நம் ஊரில் கொட்டாயில் ஒற்றையாகக் கட்டி வளர்க்கிற குட்டிக்கு நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

"ஊசி முடியலை, வெளியே எப்படிக் கூட்டிட்டுப் போறது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வாந்தி பேதியில் குட்டியைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தரையில் விடாமல் காட்டுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்ததும், ஒரு கூடையில் துணி விரித்து உட்கார வைத்து எடுத்துப் போங்கள். நான் செவலையைப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடைத் திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவேன். பஸ் போகும், ஒரு துண்டு. தலையில் பெரிய கூடையோடு ஒரு அம்மா போவார், ஒரு துண்டு. ஹெல்மெட் போட்ட ஆள், தாடி வைத்த ஆள், குடை, கோலூன்றி நடக்கிற தாத்தா, பசு மாடு. யாரும் அவளைத் தொட வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

ஏற்கெனவே பயந்து ஒளிகிற குட்டிக்கு விருந்தாளியிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: குட்டியைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, குட்டிக்குப் பின்பக்கம் விழுகிற மாதிரி ஒரு துண்டை வீசினால் போதும். பின்னால் வீசினால்தான் அது விலகிப் போய்த் தின்றுவிட்டுத் தானாகத் திரும்பி வரும். கையில் வைத்து நீட்டாதீர்கள், ஆசை ஒரு பக்கம் பயம் ஒரு பக்கம் இழுக்க எட்டி வந்து தின்றுவிட்டு, கிட்டே ஒரு கை இருப்பதை அப்புறம் பார்த்துப் பதறிக் கடித்துவிடும். மோந்து பார்க்க வரும், தொடாதீர்கள். மூன்றாவது நாள், நான்காவது நாள், அதுவே முழங்காலில் காலை வைக்கும்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் திடீரென்று பழகிய குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கூடப் பயந்து குரைக்கும் ஒரு கட்டம் வரும். அது கடந்து போகிற கட்டம், அதட்டாமல் விட்டால் தானே சரியாகும்.

தூக்கினால் கடிக்கிறது, காதைத் தொட்டால் திரும்புகிறது, நகம் வெட்டவே முடியவில்லை

முதலில் தூக்குகிற விதம். முன்னங்கால் இரண்டையும் பிடித்து, இல்லை பிடரியைப் பிடித்துத் தூக்குவது வலிக்கும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை புட்டத்துக்குக் கீழே, உங்கள் உடம்போடு ஒட்டி. தூக்கும் முன்னால் தினமும் ஒரே வார்த்தை சொல்லுங்கள், நான் "தூக்கட்டா" என்பேன். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தால் குட்டி பாதி அமைதியாகிவிடும்.

அடுத்தது தொடுதல். மூன்று நொடி தடவுங்கள், கையை எடுத்துவிடுங்கள், பாருங்கள். கிட்டே வந்து சாய்கிறதா, இன்னும் வேண்டும் என்கிறது. தலையைத் திருப்புகிறதா, உதட்டை நக்குகிறதா, போதும் என்கிறது. இந்த மூன்று நொடிக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

நகம் வெட்டச் செவலைக்குப் பதினெட்டு நாள் ஆனது, முழுசாகச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தீனி போட்டேன், அவ்வளவுதான். அப்புறம் தோளைத் தொட்டு ஒரு துண்டு, முழங்காலைத் தொட்டு ஒரு துண்டு, பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு. பாதத்துக்கு வந்ததும் காலை உருவிக்கொண்டாள். நான் பிடிக்கவில்லை, முழங்காலுக்கே திரும்பிப் போனேன். எட்டாம் நாள் பாதம் என் உள்ளங்கையில் தானாக இருந்தது, சூடாக, விரல்களுக்கு நடுவே லேசான ஈரத்தோடு. பிறகு ஒரு விரலை அழுத்தி நகம் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துப் பழக்கினேன். நகவெட்டியின் "டக்" சத்தம் பழக, பக்கத்தில் வைத்து ஒரு தீக்குச்சியை வெட்டினேன். பதினெட்டாம் நாள் ஒரே ஒரு நகத்தின் நுனி, ஒரு துண்டு ஈரல், எழுந்துவிட்டேன். மறுநாள் இரண்டு நகம்.

வெள்ளை நகமாக இருந்தால் வெளிச்சத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ஓடும் ரத்தக்குழாய் தெரியும், அதைத் தொடாமல் வெட்டலாம். கறுப்பு நகத்தில் தெரியாது, வளைந்த கூர்நுனியை மட்டும் மெல்லிசாகச் சீவிக்கொண்டே வாருங்கள், வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ரத்தம் வந்த நாளோடு அந்த வேலையை விட்டுவிடுங்கள், நாலு நாள் கழித்துப் பாதத்தைத் தொடுவதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

காது, பல், குளியல், கண் மருந்து எல்லாமே இதே மாதிரிதான், தொட்ட பிறகு கொடு, விலகினால் விடு. குளிக்க வைக்கும்போது பக்கெட்டைத் தலையில் கவிழ்க்காதீர்கள், காலிலிருந்து மேலே வாருங்கள், தலைக்கு ஈரத் துணி போதும். உண்ணி எடுப்பதற்கு மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தோல் வெந்துவிடும், நக்கினால் விஷம். சின்னச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். நிறைய உண்ணி என்றால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குட்டியை வதைக்காமல் மருத்துவரிடம் மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டை போட்டால் சொறிகிறது, கயிறு கட்டினால் படுத்துவிடுகிறது

சோறு வைக்கும் நேரத்தில் மட்டும் பட்டையைப் போட்டு, தின்று முடித்ததும் கழற்றுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். அப்புறம் வீட்டுக்குள்ளேயே கயிறு பின்னால் இழுபட்டுக்கொண்டு போகட்டும், நீங்கள் பிடிக்காதீர்கள், ஆனால் கண் அதன் மேலேயே இருக்கட்டும், எங்காவது மாட்டிக்கொள்ளும். படுத்துக்கொண்டால் இழுக்காமல் நீங்கள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கூப்பிடுங்கள். ஒரு வாரத்தில் சரியாகும்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்றைக்குத் தொட்டால் கடிக்கிறது

பழக்கத்தை யோசிக்காதீர்கள், வலியை யோசியுங்கள். செவலை ஐந்து மாதத்தில் ஒரு நாள் திடீரென்று என் மகளைப் பார்த்துச் சீறினாள். வீட்டில் ஆளாளுக்குத் திட்டினோம், வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம். மறுநாள் காலையில் வலது முன்னங்காலை ஊன்றாமல் நடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. விரல் இடுக்கில் சீமைக் கருவேல முள் முறிந்து உள்ளே போய், சுற்றிலும் பட்டாணி அளவுக்கு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. மகள் அந்தக் காலைத்தான் தொட்டிருக்கிறாள். மருத்துவர் முள்ளை எடுத்து மருந்து வைத்து நாலு நாளில் பழைய செவலை ஆகிவிட்டாள். ஒரு ராத்திரி முழுக்க வலியோடு வெளியே கிடந்தாள் என்பது இன்றைக்கும் என் மனசில் இருக்கிறது.

ஆகவே பாதம், விரல் இடுக்கு, காதுக்குள் சீழ் நாற்றம், வாய், வயிறு, வால் அடிப்பக்கம் எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். ஏழு மாதத்துக்கு மேலும் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால் அதையும் காட்டுங்கள்.

இன்னொன்று. குட்டியின் குரல் மாறி, வாய் தொங்கி எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல், காரணமே இல்லாமல் கண்டதையும் கடித்தால் தொடவே தொடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம், குட்டிக்கும் வரும். கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டது, ரத்தம் வருகிறது

விளையாட்டுக் கடியானாலும், வீட்டுக் குட்டியானாலும், தோல் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிஷம் என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். கடிபட்ட அன்று 0 நாள் என்று வைத்து 0, 3, 7, 28 ஆம் நாட்களில் போடுவார்கள், ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். "குட்டிதானே, அதுக்கு என்ன வெறி" என்று விடாதீர்கள், தோப்பிலிருந்து வந்த குட்டியை அதற்கு முன் எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் மருந்து இல்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், ஒரு வருஷம் கழித்து மறுபடி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி.

இங்கே சொன்னதை மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தும் குட்டி விறைத்து நின்று கடிக்கிறது, ஒரே ஆளைக் குறிவைக்கிறது, பயத்தில் தின்பதே இல்லை என்றால் மருத்துவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எப்போது, எங்கே, யார் கிட்டே போனபோது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள், முடிந்தால் தூரத்திலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். மருத்துவமனை மேசை மேல் ஏறியதும் குட்டி வீட்டில் இருப்பது மாதிரி இருக்காது, அவருக்கு அந்த வீடியோதான் உதவும்.